ஓரியூர் மணலுக்கு நடக்கும் பாதங்கள்

இராமேசுவரம் வேர்க்கோட்டுப் புனித சூசையப்பர் ஆலயத்தில் செபித்துவிட்டு மேற்கு நோக்கிப் புறப்படும் பாதயாத்திரிகர் வழியில் காணும் ஊர் தங்கச்சிமடம். அதை அடுத்து வருவது அக்காள்மடம். பாம்பன் கடலைக் கடந்து மறுகரையில் அவர் கால்வைக்கும் இடம் மண்டபம். இம்மூன்று பெயர்களையும் சற்று நின்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மடம் என்பதும் மண்டபம் என்பதும் நடந்து களைத்தவர் கால்நீட்டி இளைப்பாறும் இடங்கள். இருப்புப்பாதை வருவதற்கு முன், காசியிலிருந்து சேதுவுக்கு மாதக்கணக்கில் நடந்து வந்தோர் எண்ணற்றோர். பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டுவரை அவர்கள் இத்தீவுக்குத் தோணியேறியே வந்தார்கள். அவர்களைக் காப்பதும் அவர்களுக்குச் சத்திரங்கள் அமைப்பதும் இராமநாதபுரம் சேதுபதிகள் தம் கடமையெனக் கொண்ட பணிகள். வழிநடப்போரின் பாதங்களுக்கு நம் முன்னோர் காட்டிய இரக்கம் இக்கரையின் ஊர்ப்பெயர்களிலேயே தங்கிவிட்டது.

இன்று இதே பாதையில் நம் பங்கு மக்களும் நடக்கிறார்கள். பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தரின் திருவிழாவையொட்டி ஓரியூருக்கு நடப்போர் ஒருசாரார். ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் நிறைவுறும் ஆரோக்கிய அன்னையின் விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு நடப்போர் மற்றொரு சாரார். தீவிலிருந்து ஓரியூருக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் உண்டு. வேளாங்கண்ணி அதனினும் இருமடங்குத் தொலைவு. செபமாலை, பாடல், நேர்ச்சை ஆகியவற்றைப் பற்றிப் புறப்படுமுன் நிறையப் பேசுகிறோம். அத்தனையையும் சுமந்து செல்லப்போகிற பாதங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே புறப்பட்டுவிடுகிறோம். பேசாத அந்தக் குறையால் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் நேர்ந்ததையும், அதிலிருந்து நாங்கள் கற்றதையும், இப்பாதையின் வழியாகவே நடந்தபடி இங்குச் சொல்ல விழைகிறேன்.

பாலத்தின் மேல்

விடியற்காலை நான்கு மணிக்கு அன்னை இந்திரா காந்தி பாலத்தின்மேல் நின்றால் இருபுறமும் கடலின் ஓசை மட்டுமே கேட்கும். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுடையது. காற்று சால்வையைப் பறித்துச் செல்லும். கீழே படகுகளின் சிறு விளக்குகள் அசையும். அருகே 2025இல் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலம் இருளில் கோடாய்த் தெரியும். இந்த அழகில் மனம் கரைந்து நடக்கையில்தான் முதல் எரிச்சல் குதிகாலின் ஓரத்தில் மெல்லத் தலைகாட்டுகிறது. “இன்னும் கொஞ்ச தூரந்தானே, மண்டபம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறோம். நாம் செய்யும் முதற்பிழை அதுவே.

கொப்புளம் எவ்வாறு தோன்றுகிறது? தோல் செருப்போடு உராய்வதனால் மட்டும் அன்று. ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் எலும்பு உள்ளே முன்னும் பின்னும் அசைகிறது. மேல்தோலோ வியர்வையின் ஈரத்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டு இறுதியில் பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. ஆயிரம் அடிகளில் தாங்கிய தோல் பத்தாயிரம் அடிகளில் தாங்காது. ஆகவே எரிச்சல் தோன்றிய நிமிடத்திலேயே நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றி, மணலைத் தட்டி, பாதத்தைத் துடைத்து உலரவிட்டு, சிவந்த இடத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அங்கே செலவாகும் ஐந்து நிமிடம் பின்னர் வரவிருக்கும் இரண்டு நாள் வேதனையைத் தடுக்கும்.

மருந்துக்கடைகளில் கிடைக்கும் தாள் பிளாஸ்திரி இதற்கு மிகவும் ஏற்றது. பாலைவனங்களில் சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தைப் பல நாட்களில் கடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டவீரர்களை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2016ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியாயிற்று. இத்தாள் பிளாஸ்திரியை முன்கூட்டியே ஒட்டிய இடங்களில் கொப்புளங்கள் 40 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் கண்டார்கள். விலை மலிவான பொருள், சட்டைப்பையில் அடங்குவது. வழக்கமாகக் கொப்புளம் எழும் இடங்களைத் தம் பாதத்தில் அறிந்தவர்கள் புறப்படும் முன்பே, தோல் உலர்ந்திருக்கையில், சுருக்கமின்றி ஒட்டிக்கொள்வது நன்று.

மண்டபம் முதல் இராமநாதபுரம் வரை

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வழியாக இராமநாதபுரம் செல்லும் பாதை பனைகளின் நாடு. வெள்ளை மணலும் பனங்காடும் தென்னந்தோப்பும் மாறிமாறி வரும். இச்சாலையில் நடக்கையில் காலணியைப் பற்றிச் சிந்திக்க நிறைய நேரம் உண்டு.

யாத்திரைக்கென்று புதுச்செருப்பு வாங்கி முதல்நாளே அணிந்து வருவோர் நம்முள் பலர். விழாவுக்குப் புதுத்துணி உடுத்துவது போன்ற நல்லெண்ணம்தான். ஆனால் பாதத்துக்கு அது பகை. காலணியை ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, அதிலேயே நடந்து பழக வேண்டும். மாலை வேளையில் வாங்குவது நல்லது. ஏனெனில் பகலெல்லாம் நின்றும் நடந்தும் பாதம் அப்போது சற்றே பருத்திருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் நுழையும் ரப்பர் செருப்பு கடைத்தெருவுக்குப் போதும், நெடுவழிக்குப் போதாது. அந்த வார் விரலிடுக்கை அறுக்கும். செருப்பு நழுவாதிருக்க விரல்கள் ஓயாமல் பற்றிக்கொள்வதால் கெண்டைக்காலும் வலிக்கும். குதிகாலைப் பின்புறமாகப் பற்றும் வாருள்ள செருப்போ, இலேசான துணிக் காலணியோ ஏற்றது. காலுறை அணிவோர் இரண்டு மூன்று இணைகள் வைத்துக்கொண்டு, நனைந்ததை மாற்றி, கழற்றியதைப் பையின்மேல் கட்டி உலர்த்தியபடி நடக்கலாம்.

பாதத்தையும் பழக்க வேண்டும். ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, நாளும் மூன்று கிலோமீட்டர் நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினால் குதிகாலும் கெண்டைக்காலும் உறுதிபெறும். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடப்பவருக்குக் குதிகால் வலி வராதிருந்தால்தான் வியப்பு. நகங்களை இரண்டு நாட்களுக்கு முன்னரே நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்களைக் குடைந்து வெட்டலாகாது. பித்தவெடிப்பு உள்ளவர்கள் இரவுதோறும் எண்ணெய் தடவி அதை ஆற்றிக்கொண்டே புறப்பட வேண்டும். சேற்றுப்புண் இருப்பின் மருத்துவரிடம் காட்டிக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். மருதாணி பூசுவது நம் பெண்களின் பழைய வழக்கம். அதன் குளிர்ச்சி இதமானதே. ஆயினும் மேற்சொன்ன முயற்சிகளுக்கு அது ஈடாகாது.

சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைக் கண்டுகொண்டே நடப்பது உயிருக்குக் காப்பு. இருளில் ஒளிரும் பட்டைகளை முதுகிலும் பையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகஸ்டு மாதத்து நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறும். வெறுங்காலோ பழஞ்செருப்போ அதைத் தாங்காது. விடியுமுன் தொடங்கி ஒன்பது மணிக்குள் நிறுத்தி, மாலை நான்குக்குப் பின் மீண்டும் நடப்பதே இக்கரையில் நெடுநாள் நடந்தோர் கைக்கொண்ட முறை.

அருளானந்தர் நடந்த வழி

இராமநாதபுரத்தை அடையும்போது நம் நடைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. லிஸ்பன் நகரில் 1647ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைக் குருவாய் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, பண்டாரசாமியின் எளிய கோலத்தில் தமிழகமெங்கும் நடந்தவர் அருளானந்தர். 1693ஆம் ஆண்டு சனவரியில் மறவநாட்டில் சிறைப்பட்ட அவரை இந்நகருக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி. அம்மாத இறுதியில் இங்கிருந்து வடக்கே ஓரியூருக்கு அனுப்பப்பட்ட அவர், பிப்ரவரி 4ஆம் நாள் பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் தலை கொய்யப்பட்டு வேதசாட்சியானார். 1947ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூர் செல்பவர் அப்புனிதரின் இறுதிப் பயணத்தையே தம் கால்களால் மீண்டும் நடக்கிறார். ஆதலால்தான் வெறுங்காலால் நடப்பேன் என்ற நேர்ச்சை இப்பாதையில் மிகுதி.

எங்கள் குழுவில் அவ்வாறு நேர்ந்துகொண்டு வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கடுங்காய்ச்சலில் கிடந்த தம் பேரன் பிழைத்தெழுந்தால் ஓரியூர்வரை செருப்பின்றி நடப்பதாக அருளானந்தரிடம் வாக்களித்திருந்தார். பேரன் பிழைத்தான். பெரியவரும் நடந்தார். முகத்தில் சோர்வில்லை, வாயில் வலியென்ற சொல்லில்லை. “தாத்தாவைப் பாருங்கள்” என்று இளைஞருக்கு எடுத்துக்காட்டினோம். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்ததை எங்களில் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தேவிபட்டினத்துக்கு வந்து மாலையில் அமர்ந்தபோது, அவர் நடந்துவந்த திண்ணையில் சிவந்த அடையாளங்களைக் கண்டு ஒரு சிறுமி கூவினாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தோம். சீமைக்கருவேல முள் ஒன்று ஆழப் புகுந்து உள்ளேயே முறிந்திருந்தது. அருகே கொப்புளம் ஒன்று உடைந்து, மண் படிந்து கிடந்தது. இராமநாதபுரம் சீமையில் அம்முள் ஏறாத கால் இல்லை; ஏறினால் வீட்டையே கூப்பிடும் அளவுக்கு வலிக்கும். பெரியவரோ, “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, தம்பி” என்றார். அவருடைய பொறுமையென்று நாங்கள் வியந்தது பொறுமையன்று. நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு நரம்புகள் மங்கிப்போயிருந்தன.

வலி என்பது இறைவன் உடலுக்கு வைத்த காவல்காரன். அக்காவல்காரன் உறங்கிவிட்ட பாதத்தில் சிறு கொப்புளமும் புண்ணாகி, புண் அழுகலாகி, விரலையோ காலையோ இழக்கும்வரை செல்லக்கூடும். ஆதலின் நீரிழிவு உள்ளவர்கள், சிறப்பாகப் பாதத்தில் மரமரப்போ எரிச்சலோ உள்ளவர்கள், வெறுங்காலால் நடக்கவே கூடாதென்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அன்னார் மருத்துவரின் இசைவு பெற்றே புறப்பட வேண்டும். ஒவ்வோர் இடைநிறுத்தத்திலும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். கொப்புளத்தைத் தாமே குத்தலாகாது.

நேர்ச்சையும் அதன் மாற்றும்

எங்களோடு நடந்து வந்த பங்குத்தந்தை பெரியவரின் அருகில் அமர்ந்தார். “ஐயா, இந்தக் காலை இனித் தரையில் வைக்க வேண்டாம்” என்றார்.

பெரியவரின் கண்கள் கலங்கின. “சாமி, அருளானந்தருக்குக் கொடுத்த வாக்கு இது. நான் பாதியில் விட்டுவிட்டு, என் பேரனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?”

“பேரனைக் கொடுத்தவர் உங்கள் காலை வட்டியாகக் கேட்பவர் அல்லர், ஐயா” என்றார் தந்தை.

பின்னர் அவர் விளக்கியதை நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருத்தல் நலம். தனிப்பட்ட முறையில் செய்துகொண்ட நேர்ச்சையைத் தகுந்த காரணம் இருப்பின் நீக்கியருளும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1196ஆம் எண்ணில் கூறுகிறது. நேர்ந்தவரே தம் நேர்ச்சையை அதற்கு இணையான, அல்லது அதனினும் மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம் என்பது 1197ஆம் எண். நேர்ச்சையை மாற்றுவது வாக்குத் தவறுவதாகாது. திருச்சபைத் தாயே திறந்து வைத்த வாயில் அது.

தந்தை மற்றொன்றும் சொன்னார். அருளானந்தரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1521ஆம் ஆண்டு பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர். அடுத்த ஆண்டு மொன்செராத் திருத்தலத்துக்குச் செல்லும் வழியில், யாத்திரிகருக்குரிய முரட்டு அங்கியும் கோலும் சுரைக்குடுவையும் நார்க்காலணி ஒன்றும் வாங்கினார். கடுந்தவத்தில் வேட்கை மிகுந்த நாட்கள் அவை. ஆயினும் கட்டுப்போட்டிருந்த அவருடைய கால் மாலைதோறும் வீங்கிற்று. ஆகவே அந்தக் காலில் மட்டும் காலணியை அணிந்தார். மற்றதை வெறுங்காலாக விட்டார். இதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். “புண்பட்ட காலுக்குக் காலணி போட்டதால் இஞ்ஞாசியாரின் தவம் குறைந்துவிட்டதா, ஐயா?” என்று தந்தை கேட்டார்.

பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வேறு என்ன செய்யட்டும், சாமி?” என்றார்.

அவர்கள் இருவரும் பேசி முடிவுசெய்தது இது: முதலில் மருத்துவமனைக்குச் சென்று முள்ளை எடுத்துக்கொள்வது, பின்பு குழுவின் வண்டியில் வந்து, இரவுதோறும் நடந்து வருவோரின் பாதங்களைக் கழுவித் துடைப்பது.

தொண்டிக் கரையில்

தேவிபட்டினத்தை விட்டு வடக்கே போனால் திருப்பாலைக்குடி, உப்பூர், நம்புதாளை எனக் கடற்கரை ஊர்கள் தொடரும். உவர்நிலமும் உடைமரமும் கண்ணுக்கெட்டும் தூரம் பரந்திருக்கும். காரங்காட்டில் அலையாத்திக் காடும், அதன் நிழலில் வாழும் நம் மீனவர் குடியிருப்பும் உண்டு. அதற்கும் அப்பால் தொண்டி. அங்கே நாங்கள் சேர்ந்தபோது பெரியவர் காலில் கட்டோடு முக்காலி ஒன்றில் அமர்ந்திருந்தார். எதிரே அகன்ற பாத்திரத்தில் வெந்நீர், தோளில் துண்டு. முதலில் வந்தவன் பதினெட்டு வயது இளைஞன். கூச்சத்தால் காலை இழுத்துக்கொண்டான். “கொடு, தம்பி. என் நேர்ச்சையைத் தடுக்காதே” என்றார் பெரியவர். மறுசொல்லின்றிக் காலை நீட்டினான்.

அவனுக்குக் குதிகாலில் பெரிய கொப்புளம். எங்களோடு வந்த செவிலியர் சகோதரி அன்று கற்பித்த முறை இது. சிறிதாகவும் வலியின்றியும் இருக்கும் கொப்புளத்தைத் தொடாமல் மூடிவிட வேண்டும். பெரிதாகி நடக்கவொட்டாமல் வலிப்பதானால், கையையும் இடத்தையும் சோப்பால் கழுவி, கிருமிநீக்கிய புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம். மேல்தோலை ஒருபோதும் உரிக்கக் கூடாது. அதைவிடச் சிறந்த கட்டு வேறில்லை. பின்னர்ச் சுத்தமான துணிப்பட்டை இட்டு மூட வேண்டும். ஊசியில் நூல்கோத்து நூலை உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் கிருமிக்கு வழிகாட்டும். உடைந்த கொப்புளத்தோடு கண்மாயிலோ கடலிலோ கால் நனைப்பதும் தவறு. சிவப்புப் பரவுதல், சீழ், காய்ச்சல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே நடையை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். முள் குத்தியவர்கள் தடுப்பூசியைப் பற்றியும் அவரிடம் கேட்க வேண்டும்.

அன்றிரவு பெரியவரின் கைகள் கண்டுபிடித்தவை பல. “இந்த இடம் சூடாய் இருக்கிறது, நாளைக்குக் கொப்புளமாகும்” என்று சொல்லிச் சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டச் செய்தார். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தார். பெரிய வியாழன்தோறும் பீடத்தின் முன் நாம் காணும் சடங்கை, யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் சொல்லும் அதே செயலை, தொண்டிக் கடற்காற்றில் ஒரு மங்கிய விளக்கின்கீழ் கண்டோம். அன்று மேலறையில் ஆண்டவர் கழுவியதும் புழுதிச் சாலைகளில் நடந்து களைத்த பாதங்களையே. மறுநாள் ஓரியூர்ப் பாதையில் எங்களில் ஒருவரும் நொண்டவில்லை.

ஓரியூரில் புனிதரின் குருதி தோய்ந்ததென்று மக்கள் நம்பிப் போற்றும் செம்மண் மேட்டை அதிகாலையில் அடைந்தோம். பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி, கட்டுப்போட்ட காலில் செருப்போடு, இருவர் தோளைப் பற்றியபடி வந்தார். மணலில் சிறிது எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பேரனுக்கென்று ஒரு பிடி துண்டின் முனையில் முடிந்தார். அவருடைய புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது, கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் அதே வண்ணம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமென்று மருத்துவர் சொன்னதை அவர் பிறகு எங்களுக்குச் சொல்லி, சிலுவை வரைந்துகொண்டார்.

ஆண்டுதோறும் யாத்திரைக்கு முன் எங்கள் பங்கில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியல் எழுதுவது வழக்கம். கொடி, செபப்புத்தகம், ஒலிபெருக்கி என்று அது தொடங்கும். இப்போதெல்லாம் பெயர் பதிய வருவோரிடம் முதலில் ‘சர்க்கரை உண்டா?’ என்று கேட்கிறோம். பட்டியலின் முதல் வரியில் அகன்ற பாத்திரம் ஒன்றும் ஆறு துண்டுகளும் எழுதப்படுகின்றன.